புதிய படகுக்கு எந்தத் திசைகாட்டி? குமரிக் கடலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், படகைப் பழுதுபார்த்து வர்ணம் பூசி இறக்கும் வேலையோடு ஒரு கேள்வியும் ஆண்டுதோறும் எழுகிறது. திசை பார்ப்பதற்கு எந்தக் கருவியை வாங்குவது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது? கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டினம் முதலிய துறைகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன. அந்த நாட்களில் எடுக்கும் முடிவுதான் அடுத்த பத்து மாதங்களுக்கு நம்மோடு கடலில் வரும். கடைகளில் இப்போது கிடைப்பவை ஐந்து வகை: திரவம் நிரப்பிய பழைய காந்தக் காம்பஸ், ஜிபிஎஸ் கருவி, கையில் இருக்கும் கைபேசி, ஃபிளக்ஸ்கேட் எனப்படும் மின்னணுக் காம்பஸ், இரண்டு அல்லது மூன்று ஆன்டெனா கொண்ட செயற்கைக்கோள் காம்பஸ். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் விடை வராது. எந்தப் படகுக்கு, எவ்வளவு தொலைவுக்கு, எந்தக் கேள்விக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் வரும்.

கடலில் இருப்பவருக்கு மூன்று கேள்விகள் உண்டு. நான் எங்கே இருக்கிறேன்? என் படகின் அணியம், அதாவது முன்முனை, எந்தப் பக்கம் பார்க்கிறது? படகு உண்மையில் எந்தப் பக்கம் நகர்கிறது? கரையில் நிற்பவருக்குப் பின்னிரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கடலில் அவை ஒன்றல்ல. எட்டு நாட் (மணிக்கு எட்டுக் கடல் மைல்) வேகத்தில் ஓடும் விசைப்படகைக் குறுக்கே இரண்டு நாட் வேக நீரோட்டம் தள்ளினால், அணியம் பார்க்கும் திசைக்கும் படகு நகரும் திசைக்கும் இடையே சுமார் 14 பாகை வேறுபாடு வந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் ஓட்டம் மாறுகின்ற நம் கடலில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. காம்பஸ் காட்டுவது அணியத்தின் திசையை மட்டும். ஜிபிஎஸ் காட்டுவது இருக்கும் இடத்தையும், நகர்ந்து வந்த தடத்தின் திசையையும். ஒன்றின் விடையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதால்தான் "இது சரியில்லை, அதை வாங்கியிருக்க வேண்டும்" என்ற குறை பெரும்பாலும் எழுகிறது. காம்பஸ் 270 (மேற்கு) என்று காட்டும்போது ஜிபிஎஸ் தடம் 258 என்று காட்டினால் இரண்டில் ஒன்று பழுது என்று பொருளல்ல. காம்பஸ் சரிபார்க்கப்பட்டதாக இருந்தால், கடல் நம்மைத் தெற்கே தள்ளுகிறது என்பதையே அந்த வேறுபாடு சொல்கிறது. வலையை எங்கே இறக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று கணிக்க வேண்டியவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி குறைவு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இம்மாவட்டத்தின் எந்தப் படகுக்கும் திரவக் காம்பஸே அடித்தளம். இடம் அறிய ஜிபிஎஸ் அதன்மேல் வர வேண்டும். மீதி மூன்றும் தேவையைப் பொறுத்தவை. பழைமைமீது உள்ள பற்றால் இப்படிச் சொல்லவில்லை. காந்தக் காம்பஸுக்கு உலகிலேயே மிகவும் ஏற்ற கடல்களுள் ஒன்றில் நாம் தொழில் செய்கிறோம் என்பதும், அந்த நன்மையைப் பெரும்பாலான படகுகள் கவனக்குறைவால் இழந்துவிடுகின்றன என்பதுமே காரணம்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் காந்தக் கோடுகள் துருவப் பகுதிகளில் தரைக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. காந்த நடுக்கோட்டில் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. காம்பஸுக்குள் திசை எண்கள் எழுதிய வட்ட அட்டையைத் திருப்புவது கிடைமட்டமாக உள்ள பகுதி மட்டுமே. கீழ்நோக்கி இழுக்கும் பகுதி ஊசியைச் சாய்க்குமே தவிரத் திசை காட்ட உதவாது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டியே செல்கிறது. அதனால்தான் திருநெல்வேலிக்கு அருகே புவிகாந்த ஆய்வகம் அமைந்திருக்கிறது. நம் மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த 19ஆம் நூற்றாண்டிலேயே திருவனந்தபுரம் வானாய்வகத்தில் காந்த அளவீடுகள் நடந்தன; அதன் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் 1855-இல் அகத்தியமலையின் உச்சிப் பகுதியில் ஒரு துணை ஆய்வகத்தையே எழுப்பினார். யானையும் அட்டைப்பூச்சியும் மழையும் நிறைந்த அந்த மலைக்குக் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களை நினைத்தால், இந்தத் தென்முனையின் காந்தப்புலம் அறிவியலுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது விளங்கும்.

அந்த முக்கியத்துவம் படகோட்டிக்கும் உண்டு. நம் கடலில் பூமியின் கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு). லண்டனில் அது ஏறத்தாழ அதில் பாதிதான். அதாவது ஒரே காம்பஸ் அங்கே இருப்பதைவிட இங்கே இரண்டு மடங்கு வலுவோடு வடக்கை நாடும். அலையில் ஆடினாலும் விரைவில் நிலைக்கு வரும். கீழ்நோக்கிய இழுப்பு இங்கே ஏறத்தாழ இல்லை என்பதால், படகு ஒருபக்கம் சாயும்போது தோன்றும் பிழையில் ஒரு பகுதியும், செங்குத்தாக நிற்கும் இரும்புத் தூண்களில் பூமி தூண்டிவிடும் காந்தத்தால் வரும் பிழையும் மிகக் குறைந்துவிடுகின்றன. பெரிய கப்பல்களில் இந்த இரண்டாவது பிழைக்காகவே காம்பஸுக்கு முன்னால் ஓர் இரும்புத் தண்டை நிறுத்துவார்கள். குமரிக் கடலில் அந்தத் தண்டுக்கு வேலையே இல்லை. ஆனால் தூத்தூர் பகுதியிலிருந்து கிளம்பி குஜராத் கடல்வரை போகும் படகு வடக்கே செல்லச் செல்ல, கீழ்நோக்கிய இழுப்பு கூடிக்கொண்டே வரும். குமரியில் சரிபார்த்த காம்பஸ் அங்கே அதே அளவு சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. வடக்கே போய்ச் சேர்ந்ததும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வட ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ செய்யப்பட்ட காம்பஸில், வடமுனை கீழே இழுபடாமல் இருக்கத் தென்பக்கத்தில் சிறு எடை சேர்த்திருப்பார்கள். அந்த இழுப்பு இல்லாத நம் ஊரில் அதே எடை அட்டையின் தென்பக்கத்தைத் தாழ்த்திவிடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய கைக்காம்பஸ்களில் ஊசி ஒருபக்கம் உரசிக்கொண்டு திணறுவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து, ஊசி காட்டும் காந்த வடக்கு வேறு, பூமியின் வடதுருவம் இருக்கும் உண்மை வடக்கு வேறு. காந்த ஊசி சற்று விலகியே நிற்கிறது என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் ஷென் குவோ எழுதி வைத்திருக்கிறார். அந்த விலகல் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. உலகின் சில கடல்களில் 20 பாகையையும் தாண்டும். நம் கடலிலோ அது மேற்குப் பக்கமாக இரண்டு பாகை அளவில்தான் இருக்கிறது. இது பெரும்பேறு. இருந்தாலும் அதைச் சுழியம் என்று எண்ணிவிடக்கூடாது. தேங்காய்ப்பட்டினத்திலிருந்து மினிக்காய்த் தீவு ஏறத்தாழ நேர் மேற்கே, 245 கடல் மைல் அளவில் இருக்கிறது. நீரோட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், விலகலைக் கணக்கில் எடுக்காமல் காம்பஸில் 270 வைத்து ஓடும் படகு, தீவின் நேர்க்கு வரும்போது எட்டு மைலுக்கும் மேல் தெற்கே போயிருக்கும். 272 வைத்து ஓட்டியிருக்க வேண்டும். எட்டு மைல் பிழையில் மினிக்காயின் கலங்கரை விளக்கு கண்ணில் படக்கூடும். படகின் இரும்பால் வரும் பிழையும் சேர்ந்து அது ஏழு பாகையானால், 30 மைல் தள்ளிப் போய்விடுவோம். தாழ்ந்து கிடக்கும் பவளத்தீவு அந்தத் தொலைவில் தெரியவே தெரியாது. பொதுவான கணக்கு எளிது: 60 மைல் ஓட்டத்துக்கு ஒரு பாகைப் பிழை ஒரு மைல்.

எனவே நம் ஊரில் காம்பஸின் உண்மையான பகை பூமி அல்ல, படகுதான். மேத்யூ ஃபிளின்டர்ஸ் 1801-இல் தொடங்கிய ஆஸ்திரேலியக் கடற்பயணத்தில், கப்பல் திசை திரும்பத் திரும்பக் காம்பஸின் பிழையும் மாறுவதைக் கவனித்து, கப்பலின் இரும்பே காரணம் என்று கண்டார். முழு இரும்புக் கப்பல்கள் வந்த பின், 1838-இல் ஜார்ஜ் ஏரி காந்தத் துண்டுகளையும் இரும்பையும் காம்பஸைச் சுற்றி வைத்துப் பிழையை ஈடுகட்டும் முறையைச் செய்து காட்டினார். இன்று நாம் வாங்கும் திரவக் காம்பஸின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு திருகுகளும் அதே வேலைக்குத்தான். அவை எதற்கு என்று தெரியாமலே காம்பஸைப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்தே ஓடும் படகுகள் நம் துறைகளில் ஏராளம். கருவி வாங்கப் பல்லாயிரம் செலவழிப்பவர், ஒரு காலைப்பொழுதைச் செலவழித்து அந்தத் திருகுகளைச் சரிசெய்யாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில் கட்டியிருந்த ஓர் இரும்புப் படகின் வீல்ஹவுஸில் (சுக்கான் அறையில்) நான் கண்டதைச் சொல்கிறேன். சுக்கான் சக்கரத்துக்கு நேர் முன்னே நல்ல தரமான திரவக் காம்பஸ் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர். மறுபக்கம் வயர்லெஸ் செட். மேலே ஆணியில் ஒரு டார்ச் விளக்கு. ஸ்பீக்கரைக் கழற்றி வெளியே கொண்டு போகச் சொன்னேன். அட்டை மெல்லத் திரும்பி, எட்டுப் பாகை தள்ளிப் போய் நின்றது. அந்தப் படகை ஓட்டுபவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கருக்குள் இருப்பது வலுவான நிலைக்காந்தம். அதைக் காம்பஸிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத பிழை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் ஒற்றைக் கம்பியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் ஓடினால், 20 சென்டிமீட்டர் தொலைவில் அது 5 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்கும். பூமியின் 40-க்கு எதிரே இந்த 5 குறுக்காக நின்றால் அட்டை ஏழு பாகை விலகும். விளக்கை ஏற்றும்போது மட்டும் இந்தப் பிழை தோன்றும் என்பதுதான் கொடுமை. பகலில் எத்தனை முறை சரிபார்த்தாலும் பிடிபடாது. போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்து முறுக்கிக் கொண்டுபோனால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். காசே செலவில்லாத வேலை இது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்வியுங்கள்.

இரும்புப் படகுகளுக்கு இன்னொரு கவலை உண்டு. தடைக்காலத்தில் இரண்டு மாதம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் இரும்பு உடல், சுத்தியல் அடியும் வெல்டிங்கும் படப்படப் பூமியின் காந்தத்தைத் தன்னுள் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது. ஆகவே சென்ற ஆண்டு சரிசெய்த காம்பஸ் இந்த ஆண்டும் சரி என்று எண்ண இடமில்லை. ஃபைபர் வள்ளங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் எஞ்சினும் நங்கூரமும் அவற்றிலும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்ற இரும்பு கலந்த தாது இருப்பதால் அந்தப் பக்கம் காம்பஸ் கெட்டுவிடுமோ என்று யாரேனும் அஞ்சினால், அது வேண்டாத அச்சம். இல்மனைட்டை மற்ற தாதுக்களிலிருந்து பிரிக்க வலுவான காந்தங்கள் தேவைப்படுகின்றன. கடலில் ஓடும் படகின் அட்டையைத் திருப்பும் திறன் அதற்கு இல்லை.

சரிபார்க்கும் முறைக்கும் நம் இடம் கைகொடுக்கிறது. நாம் 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக எழும்புகிறது. அதனால் உதித்த பின் முதல் கால்மணி நேரத்தில் அதன் திசை அரைப் பாகை அளவுதான் மாறும். மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டி அது நேர் கிழக்கே, 90-இல் உதிக்கும்; ஜூன் இறுதி வாக்கில் 66 வரை வடக்கேயும், டிசம்பர் இறுதி வாக்கில் 114 வரை தெற்கேயும் போகும். காற்று அடங்கிய காலையில் துறைக்கு வெளியே படகைக் கொண்டுபோய், காம்பஸின் நடுவே செங்குத்தாக நிற்கும் சிறு குச்சியின் நிழல் அட்டையில் எந்த எண்மேல் விழுகிறது என்று பாருங்கள். பிறகு படகை மெல்லச் சுற்றி, எட்டுத் திசைகளிலும் அணியத்தை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் நிழல் விழும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படகில் பிழையே இல்லையென்றால் எட்டு எண்களும் ஒன்றாக இருக்கும். வேறுபட்டால் அந்த வேறுபாடே படகு தரும் பிழை. எந்த அட்டவணையும் இல்லாமல், எந்த இயந்திரமும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

திருத்துவதற்கு அணியத்தை வடக்கே நிறுத்தி ஒரு திருகாலும், கிழக்கே நிறுத்தி மற்றொரு திருகாலும் பிழையை முழுமையாக நீக்க வேண்டும். பிறகு தெற்கிலும் மேற்கிலும் மிஞ்சும் பிழையில் பாதியை மட்டும் நீக்க வேண்டும். இரும்புத் திருப்புளியைக் கொண்டு இதைச் செய்தால் அந்தத் திருப்புளியே அட்டையை இழுத்துவிடும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ வேண்டும். எஞ்சியுள்ள பிழைகளை ஒரு தாளில் எழுதிக் காம்பஸுக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள்.

இப்போது ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். குமரிமுனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வெட்ஜ் பேங்க் என்னும் மீன்வளத் திட்டின் உட்பகுதியில் நிற்பவருக்குக் கரை தெரியாது. கரைக்கு அருகே மருத்துவாழ்மலையையும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடித்த முன்னோர்களின் கலை, கரை மறைந்த பின் உதவாது. நேற்று மீன் பட்ட இடத்துக்கு இன்று திரும்பிப் போக வேண்டுமென்றால் ஜிபிஎஸ் போல வேறெதுவும் இல்லை. சின்னமுட்டத்திலிருந்து கிழக்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்களுக்கோ அது தவிர்க்கவே முடியாதது. இலங்கையுடனான கடல் எல்லை எங்கே இருக்கிறது என்று எந்தக் காந்த ஊசிக்கும் தெரியாது; எல்லை தாண்டியதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பது நம் வீடுகளுக்குத் தெரியும்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். படகு நின்றுவிட்டால், அல்லது வலை இறங்கி மிக மெதுவாக நகர்ந்தால், ஜிபிஎஸ் காட்டும் தடத்தின் திசை அங்குமிங்கும் தாவும். அணியம் எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. மூடுபனியிலோ கடும் மழையிலோ எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளம்பும்போது முதல் சில நிமிடங்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல வேண்டியது காம்பஸ்தான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின் சில இரவுகளில், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் சூரியனின் கொதிப்பு மிகுந்த ஆண்டுகளிலும், வளிமண்டலத்தின் மேலடுக்கில் உண்டாகும் கலக்கம் செயற்கைக்கோள் சைகைகளைச் சிறிது நேரம் தடுமாறச் செய்யும். இந்தத் தொல்லை நம் கடலைவிடக் குஜராத் கடலை ஒட்டிய பகுதியில் கூடுதல். ஊசிக்குச் சாதகமாக உள்ள அதே காந்த நடுக்கோடு ஜிபிஎஸ்ஸுக்குச் சற்றுப் பாதகமாக இருக்கிறது என்பது இயற்கையின் கணக்கு. அந்தக் கலக்கத்தால் காம்பஸுக்கு வரும் மாற்றம் ஒரு பாகையில் சிறு பங்கு. அட்டையில் அதைக் கண்ணால் பார்க்க இயலாது. நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளின் படகுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மற்றொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: அண்மை ஆண்டுகளில் அந்தக் கடல்களில் ஜிபிஎஸ் சைகைகள் வேண்டுமென்றே முடக்கப்படுவதும் பொய்யாக மாற்றப்படுவதும் நடந்துவருகின்றன. திரை நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும்போது, காம்பஸும் கடிகாரமும் வேகக் கணக்கும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வந்த ஒக்கிப் புயலை நம் கரையில் யாரும் மறக்கவில்லை. எஞ்சின் நின்று, பேட்டரி நனைந்து, காற்றின் போக்கில் நாள்கணக்கில் அலைந்த படகுகள் லட்சத்தீவு வரை போய் ஒதுங்கின. அத்தகைய நிலையில் மின்சாரம் கேட்காத கருவி படகில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தப் புயலுக்குப் பின் ஆழ்கடலில் எச்சரிக்கைச் செய்தி பெறுவதற்காக நாவிக் என்னும் இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பின் வழிச் செய்திக் கருவிகளும், 2019-இல் ஜெமினி என்ற கருவியும் வந்தன. அவை உயிர்காக்கும் கருவிகள். ஆனால் திசை காட்டும் வேலைக்கு மாற்று அல்ல.

கைபேசியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதிலுள்ள ஜிபிஎஸ், கோபுரச் சைகை இல்லாத கடலிலும் வேலை செய்யும். அதனால் இரண்டாவது துணையாக, தண்ணீர் புகாத உறைக்குள் வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள காந்த உணரியை நம்பி ஓட்டாதீர்கள். கைபேசிக்குள்ளேயே ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. உறையின் மூடியில் இன்னொரு காந்தம். எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு திசை, வீல்ஹவுஸில் வேறொரு திசை. அதைவிட, கைபேசியைக் காம்பஸுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கத்தால் நல்ல கருவியும் கெடுகிறது.

ஃபிளக்ஸ்கேட் காம்பஸ் அளப்பதும் பூமியின் அதே காந்தப்புலத்தைத்தான். ஊசிக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்கள் அளக்கின்றன. ஆகவே படகின் இரும்பு அதையும் ஏமாற்றும். ஆனால் உணரியை வீல்ஹவுஸின் காந்தக் குழப்பத்திலிருந்து விலக்கி, படகின் நடுவே, தாழ்வான இடத்தில், இரும்புக்கு எட்டாமல் பொருத்திவிட்டுத் திரையை மட்டும் முன்னால் வைக்கலாம் என்பது பெரிய வசதி. படகை மெதுவாக வட்டமடித்தால் பிழையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் கருவிகளும் உண்டு. தானியங்கிச் சுக்கான் வைக்க விரும்புகிறவர்களுக்கு இது தேவை. இல்லாதவர்களுக்கு நல்ல திரவக் காம்பஸைவிட இது அதிகமாக எதையும் தராது.

செயற்கைக்கோள் காம்பஸ் வேறு வகை. சிறிது இடைவெளியில் உள்ள ஆன்டெனாக்களுக்குச் சைகை வந்துசேரும் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து அணியத்தின் திசையை, காந்தத்தின் உதவியே இல்லாமல், உண்மை வடக்கைச் சார்ந்து கணக்கிடுகிறது. படகு நின்றாலும் காட்டும். ஸ்பீக்கரும் இரும்பும் அதை ஒன்றும் செய்யா. துல்லியத்தில் இந்த ஐந்தில் இதுவே முதலிடம். ரேடார் படத்தையும் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டிய பெரிய படகுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் விலை பல மடங்கு. மின்சாரம் போனால் தானும் போய்விடும். சைகை முடக்கப்பட்டால் ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்தே இதுவும் விழும். ஒரே காரணத்தால் இரண்டும் ஒன்றாக வீழ்கின்ற கருவிகளை ஒன்றுக்கொன்று துணை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனிப் படகுவாரியாக. கரை தெரியும் தொலைவில் ஓடும் ஃபைபர் வள்ளத்துக்கு ஒரு சிறிய திரவக் காம்பஸும் உறைக்குள் ஒரு கைபேசியும் போதும். கைபேசியில் மட்டும் நம்பிக்கை வைத்துக் காம்பஸை விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் கடலில் திடீரென இறங்கும் மழைத்திரையில் கரை மறைய இரண்டு நிமிடம் போதும். சின்னமுட்டம், குளச்சல் துறைகளிலிருந்து குறுகிய ஓட்டம் போகும் விசைப்படகுக்கு எல்லை எச்சரிக்கை வைக்கக்கூடிய ஜிபிஎஸ்ஸே முதல் செலவு. அதற்கு இணையாகச் சரிபார்த்த திரவக் காம்பஸ். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் வட்டாரப் படகுகளுக்குப் பெரிய அட்டை கொண்ட திரவக் காம்பஸ், தனித்தனிப் பேட்டரியில் இயங்கும் இரண்டு ஜிபிஎஸ், செய்தி பெறும் கருவி ஆகிய மூன்றும் வேண்டும். தானியங்கிச் சுக்கான் இருந்தால் மட்டும் ஃபிளக்ஸ்கேட். இவ்வளவும் வாங்கிய பிறகும் கையில் பணம் மிஞ்சினால் செயற்கைக்கோள் காம்பஸைப் பற்றி யோசிக்கலாம். அதை வாங்குவதற்காக இரண்டாவது ஜிபிஎஸ்ஸை விடக்கூடாது.

கடைக்குப் போகும்போது திரவக் காம்பஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் இரும்பு இல்லாத இடமாகப் பார்த்துச் சமமாக வையுங்கள். அட்டை கிடைமட்டமாக நிற்கிறதா, ஒருபக்கம் தாழ்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். திரவத்தில் குமிழி இருக்கக்கூடாது. நிறம் மங்கியிருந்தால் நெடுநாள் வெயிலில் கிடந்த சரக்கு. பிறகு ஒரு சாவியையோ சிறு கத்தியையோ அருகே கொண்டுபோய் அட்டையை இரண்டு பாகை மட்டும் விலக்கி, சாவியைச் சட்டென எடுத்துவிடுங்கள். அட்டை பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். மறுபக்கத்திலிருந்தும் அப்படியே செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே எண்ணில் வந்து நின்றால் உள்ளே இருக்கும் முனை கூர்மையாக இருக்கிறது என்று பொருள். பழைய எண்ணுக்கு ஒரு பாகை முன்பே தயங்கி நின்றுவிட்டால் முனை மழுங்கியிருக்கிறது; விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.